எடை மேடையில் ஏறிய இடியாள்

கப்பல்கள் வருவதும் லாரிகள் போவதுமாகவே பொழுது கழியும் தூத்துக்குடியில், துறைமுகச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றின் மாடி வீட்டில், ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு, பூசைக்குப் போனவர்கள் பூசை முடிந்தும் போகாதவர்கள் தூக்கம் முடிந்தும் வந்து சேர, ஏழு பேர் ஒரு பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்து, இல்லாத ஓர் ஊரில் இல்லாத எதிரிகளோடு மாலை ஏழு மணி வரை போரிட்டு வந்தார்கள். அந்த ஊரின் பெயர் கரைநகரம். அதைக் கட்டியவள் பெனடிக்டா. தனியார் எடை மேடை ஒன்றில் லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலையை வாரத்தில் ஆறு நாளும் செய்த அவள், இரண்டு நீளக் குறிப்பேடுகள் நிறையக் கரைநகரத்தின் மேம்பாலங்களையும், கண்டெய்னர் கிடங்குகளையும், அங்கு வாழும் ஆற்றல் மிக்க மனிதர்களுக்குரிய விதிகளையும் எழுதி வைத்திருந்தாள். ஆட்டம் எளியது: பெனடிக்டா கதையைச் சொல்வாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள், "உன் ஆள் என்ன செய்கிறான்?" என்று அவள் முறைவைத்துக் கேட்பாள், செய்ய நினைத்தது நடந்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

பாத்திர வகைகள் ஆறு இருந்தன. சுவரை ஊடுருவிப் போகிறவன் ஒரு வகை. நின்ற இடத்தின் நிறத்தை ஏற்கிறவள் ஒரு வகை. எந்த வரிசையில் நின்றாலும் அந்த வரிசையை விரைந்து நகரச் செய்கிற வரிசையாள் ஒரு வகை. இவற்றோடு இடியாள் என்றொரு வகையையும் பெனடிக்டா எழுதியிருந்தாள். இடியாள் கையை உயர்த்தினால் ஒரே வீச்சில் எட்டுப் பேர் மேல் மின்னல் இறங்கும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த சண்முகவடிவு இடியாளைத் தேர்ந்துகொண்ட நாள் முதல் கரைநகரத்தின் வரலாறு சுருங்கிப்போயிற்று. ஏனெனில், எதிரிகள் எத்தனை பேர், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பெனடிக்டா வருணித்து முடிப்பதற்குள் வடிவு பகடையை உருட்டிவிடுவாள். பகடை நின்றதும் எதிரிகள் சாம்பலாவார்கள். மற்ற ஐவரும் அந்தச் சாம்பலின் மேல் நடந்து அடுத்த தெருவுக்குப் போவார்கள். அங்கும் வடிவே உருட்டுவாள்.

"யக்கா, எங்க ஆளுக எதுக்கு வாறாக? சாம்பலக் கூட்டவா?" என்று கேட்டுவிட்டுத் தையற்கடைக் கித்தேரி ஒரு ஞாயிறு எழுந்து போனாள். அவளுக்குப் பின் ஒவ்வொருவராக மூவர் போனார்கள். எஞ்சியவர் இருவர்: வடிவும், பள்ளி வேன் ஓட்டும் இருதயராஜும். இருதயராஜின் பாத்திரம் தொம்மை என்னும் வரிசையாள். பதினோராவது ஞாயிறு, தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருதயராஜும் வாய் திறந்தான்.

"பெனியக்கா, பதினோரு வாரமாச்சு. 'ஒன் ஆளு என்ன செய்யுதான்'னு நீங்க எங்கிட்ட ஒரு தரம் கூட கேக்கல. அடுத்த ஞாயிறும் இப்படியேன்னா, நான் வேன கழுவிக்கிட்டு வீட்டுலயே இருந்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீய."

"நான் என்னலே பண்ணட்டும்? பகட விழுது!" என்றாள் வடிவு.

"ஒங்களுக்கு விழுது நர்ஸம்மா. எங்களுக்குக் கைக்கே வரல."

ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆட இயலாது. அதை அறிந்த பெனடிக்டா, வாரத்தின் ஆறு நாளும் இரும்பின் எடையையும் உப்பின் எடையையும் பிறருக்குச் சொல்லிவிட்டு ஏழாம் நாளின் அந்த நான்கு மணி நேரத்துக்காகவே காத்திருக்கிறவள், "அடுத்த ஞாயித்துக்குள்ள சரி பண்ணிருதேன், நீ வந்துரு" என்று வாக்குக் கொடுத்தாள். இடியாளின் ஆற்றலைப் பாதியாகக் குறைத்துவிடுவது என்று அவள் தீர்மானித்தது அப்போதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்குத் தெருமுனையில் நின்ற நகரப் பேருந்திலிருந்து இடியாளும் தொம்மையும் இறங்கினார்கள். மேசை மேல் எஞ்சியிருந்த தாள்கள் இரண்டு. ஆகையால் வந்தவர்களும் இருவரே. ஆளுக்கொரு தாளைக் கையில் பிடித்திருந்தார்கள். தொம்மை ஒரு மஞ்சள் பையையும் வைத்திருந்தான்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று தேநீர்க்கடை சந்தியாகு கேட்டார்.

"பெனடிக்டா மேடம் வீட்டுக்கு, அண்ணாச்சி. அவங்கதான் எங்க விதிய எழுதுனது" என்றான் தொம்மை.

"அப்படியா? பச்சக் கதவு, மாடி. கீழ ஒரு நாய் கெடக்கும். ஒண்ணும் செய்யாது."

தொம்மை நாய்க்கு அஞ்சித் தெருவின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். இடியாள் நடுத்தெருவில் நின்று வலக்கையை உயர்த்தி, "நான் இடியாள்! என் எதிரிகள் எங்கே?" என்று முழங்கினாள்.

"எதிரியா? மூணாவது தெருவுல ஒருத்தன் இருக்கான். ஆனா அவன் எனக்கு மட்டுந்தான் எதிரி" என்றார் சந்தியாகு. "நீ ஒக்காரும்மா. டீ குடி."

ஊர் அவர்களை ஏற்றுக்கொள்ள ஒரு நாளும் ஆகவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், காகிதத்திலிருந்து மனிதர் வருவது முறைதானா என்னும் கேள்விகளை எவரும் எழுப்பவில்லை. எவர் எதற்குப் பயன்படுவார் என்னும் கேள்வி மட்டும் உடனே எழுந்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே விடை கண்டது. நியாயவிலைக் கடையில் தொம்மை நின்ற வரிசை, அணைக்கட்டின் மதகு திறந்தாற்போல் ஓடிற்று. அன்று பிற்பகல் மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையும், மாலையில் பேருந்துப் பயண அட்டை வாங்கும் வரிசையும் அவ்வாறே ஓடின. புதன்கிழமை, தொம்மையை அழைத்துப் போக வந்தவர்கள் தெருக்கோடி வரை வரிசையாக நின்றார்கள். தொம்மை பக்கத்திலேயே இருந்தமையால் அந்த வரிசையும் விரைந்து நகர்ந்து, அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். பங்குத் தந்தை அவனைப் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கச் சொன்னதில், எந்தப் பாவத்தைச் சொல்வது, எதை விடுவது என்று யோசிக்க அவகாசமின்றிப் பலர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கலங்கிய முகத்தோடு வெளியே வந்தார்கள்.

இடியாளுக்கோ வேலையே கிடைக்கவில்லை. மின்சாரம் நின்றபோது தண்ணீர் இறைக்க அழைத்தார்கள். அவள் விரல் பட்டதும் மோட்டார் புகைந்தது. உப்பளத்திலிருந்து நான்கு பெண்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "தாயி, உப்ப அள்ளி முடிக்குத வரைக்கும் வானத்த மட்டும் பாத்துராத" என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் பழத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தவாறே சந்தியாகுவின் கடை விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை மாலை தெருக்காரர்கள் ஒன்றுகூடி மாடியேறி வந்து பெனடிக்டாவிடம் முறையிட்டார்கள். "மேடம், அந்தத் தொம்மைக்கு ரொம்பச் சக்தி குடுத்துட்டிய. அவன் இருக்க பக்கந்தான் ஊரே சாயுது. கொஞ்சம் கொறைங்க. அந்த இடியம்மா பாவம், அதுக்கு எதாவது சேத்துப் போடுங்க."

பதினோரு வாரமாக மேசையில் கேட்ட முறையீட்டை அப்படியே தலைகீழாகத் தெருவில் கேட்ட பெனடிக்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, தலையும் சுற்றிற்று. ஆனாலும், ஞாயிறு வருவதும் இருதயராஜ் வராமற்போவதும் மேசையைப் பற்றியவை. ஆகவே அவள் மேசையின் கணக்கையே பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமை மாலை, பணி முடிந்து வந்த வடிவின் எதிரில் இடியாளின் தாளை வாங்கி, 'எட்டுப் பேர்' என்றிருந்ததை ரப்பரால் அழித்து 'நான்கு பேர்' என்று எழுதினாள்.

சன்னலோரம் நின்று தேநீர் பருகிக்கொண்டிருந்த இடியாளின் நிழல் பாதியாயிற்று. அவள் கையிலிருந்த குவளை அவளுக்குக் கனத்தது. பின்னால் இருந்த சன்னல் கம்பிகள் அவள் தோளின் ஊடாகத் தெரிந்தன.

"என்னை யார் குறைத்தது?" என்று அவள் கேட்டாள். முழங்கவில்லை, கேட்டாள்.

"யக்கா, திருப்பி எழுதுங்க!" என்று வடிவு கத்தினாள். "சக்தியக் கொறைக்கச் சொன்னா ஆளயே கொறைக்கிய!"

பெனடிக்டா மீண்டும் 'எட்டு' என்று எழுதினாள். நிழல் திரும்பிற்று; முன்னைவிடச் சற்று வெளிறியே திரும்பிற்று. இன்னொரு முறை அழித்தால் அது திரும்பாது என்று மூவருக்கும் தெரிந்தது. ஒருத்தியை அழித்து இன்னொருவனைத் தக்கவைத்துக்கொள்வதா, அவனைப் போகவிட்டு இவளைக் காப்பதா என்று விளங்காமல் பெனடிக்டா வெள்ளிக்கிழமை முழுதும் சீட்டுகளில் தேதியைத் தவறாக எழுதிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நண்பகல், புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் உப்பு ஏற்றிய லாரியை நேரே மேடை மேல் நிறுத்திச் சீட்டுக் கேட்டார். வெறும் லாரியை முதலில் எடைபோட்டு, பிறகு சரக்கோடு எடைபோட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பதே அந்தத் தொழிலின் முறை. அவர் வெறும் லாரியை நிறுக்காமலே வந்துவிட்டார்.

"காலி எடை எங்க அண்ணாச்சி?"

"அது என்னத்துக்கு? அதான் மொத்த எடை காட்டுதுல்லா?"

"காலி எடை தெரியாம சரக்கு எவ்வளவுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? இருபது வருசமா இதயேதான்..." என்று பெனடிக்டா வழக்கமாகச் சொல்லும் கண்டிப்பைத் தொடங்கினாள்; தொடங்கியவள் பாதியில் நின்றாள்; பேனாவை மூடி வைத்தாள். வடிவுக்குத் தொலைபேசியில் ஒரு சொல், சந்தியாகுவின் கடைக்கு ஒரு சொல். அரை மணி நேரத்தில் வடிவும் வந்தாள். இடியாளும் தொம்மையும் வந்தார்கள். சோற்று நேரமாதலால் லாரிகள் ஓரமாக நின்றன. ஓட்டுநர்கள் தூக்குச்சட்டியோடு வந்து வேடிக்கை பார்க்கக் குந்தினார்கள்.

முதலில் தொம்மை தாளோடு ஏறினான். மேடை அறுபது கிலோ காட்டிற்று. தாளை அறையின் சன்னலில் வைத்துவிட்டு மீண்டும் ஏறினான், அறுபதே காட்டிற்று. பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் அந்த மேடை பொருட்படுத்தாது.

இடியாள் தாளோடு ஏறினாள். பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.

"யம்மா! பத்துச் சக்கர வண்டி!" என்றார் ஒருவர்.

"இப்ப தாள வச்சுட்டு ஏறு" என்றாள் பெனடிக்டா.

இடியாள் தாளைச் சன்னலில் வைத்தாள், ஏறினாள், நடுவில் போய் நின்றாள். மேடை பூச்சியம் காட்டிற்று.

"மேட கெட்டுப்போச்சோ?"

"மேட நல்லாத்தான் இருக்கு" என்றார் உப்பு லாரிக்காரர், சோற்றுக்கையை உதறியவாறு. "அங்கனதான் ஆளே இல்ல."

பெனடிக்டா தாள்களைத் திருப்பினாள். விதிப்படி முன்பக்கம் ஆற்றலுக்கும் பின்பக்கம் ஆளுக்கும் உரியது. இத்தனை மாதங்களாக அவள் முன்பக்கத்தை முன்பக்கத்தோடு மட்டுமே ஒப்பிட்டு வந்திருந்தாள். தான் அன்றாடம் ஓட்டுநர்களைக் கடிந்துகொள்ளும் அதே பிழையைத் தன் மேசையில் செய்துவந்திருந்தாள். தொம்மையின் பின்பக்கத்தில் இருதயராஜ் பொடி எழுத்தில் இடமின்றி எழுதியிருந்தான்: பெயர், தெரு, நாயைக் கண்டால் அச்சம், தேநீரில் நனைத்து நான்கு பன் தின்பான், நாலு மணிக்கு மேல் எவருக்காகவும் நிற்கப் பிடிக்காது. இடியாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"வடிவு, ஏன் ஒண்ணுமே எழுதல?"

"எனக்கு வீட்டுல எல்லாரும் இருக்காங்கக்கா" என்றாள் வடிவு. "மாமனார், மாமியார், ரெண்டு பிள்ளைக, வார்டுல நாப்பது பெட்டு. யாரும் என்னய ஒரு நிமிசம் விடமாட்டாங்க. அவளாவது யாரும் இல்லாம, எதப் பத்தியும் நெனைக்காம, கைய ஓங்குனமா அடிச்சமான்னு இருக்கட்டும்னுதான் விட்டுட்டேன்."

மேடை மேலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "ஆறு நாள்களாக இந்த ஊரில் இருக்கிறேன். எல்லாரும் எல்லார் பெயரையும் கூவி அழைக்கிறார்கள். என்னை எப்படி அழைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை."

வடிவு பெனடிக்டாவின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் வரியில் 'உலகம்மாள்' என்று எழுதினாள். மேடை பத்து என்று காட்டிற்று. ஓட்டுநர்கள் சட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"வேற என்ன வேணும், சொல்லு!"

"தங்கை ஒருத்தி வேண்டும்" என்றாள் மேடை மேல் நின்றவள்.

வடிவு எழுதினாள்: தங்கை பிச்சம்மாள். இருபது.

"சண்ட போடுத தங்கச்சியா, பாசமா இருக்க தங்கச்சியா?" என்று உப்பு லாரிக்காரர் கேட்டார்.

"சண்ட போடுத தங்கச்சிதான்" என்றாள் உலகம்மாள். தன் பேச்சு மாறியதை அவள் கவனிக்கவில்லை. ஓட்டுநர்கள் கவனித்துக் கைதட்டினார்கள். முப்பது. ரசம் வைத்தால் உப்பு கூடிப்போகும் என்று எழுதியதில் நாற்பதாயிற்று. பேருந்தில் தன்னை மறந்து தப்புத்தப்பாகப் பாடுவாள் என்று எழுதியதில் ஐம்பதாயிற்று. "பல்லியக் கண்டா பயம்னு போடு!" என்று அவளே உரக்கச் சொன்னாள், இடியை இறக்குகிறவள் பல்லிக்கு அஞ்சுவதை நினைத்து ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரிக்க, சிரிப்பினூடே மேடை அறுபதைத் தொட்டு நின்றது.

முன்பக்கத்தில் பெனடிக்டா ஓர் எழுத்தையும் தொடவில்லை. நீளக் குறிப்பேட்டில் இரண்டு விதிகளை மட்டும் சேர்த்தாள்: பின்பக்கம் நிரம்பாத எவரும் முன்பக்கத்தைப் பயன்படுத்தலாகாது, இடி விழும் இடத்தில் இடியாளுக்கு வேண்டியவர் நின்றால் இடி அவர் மேலும் விழும். தொம்மையின் தாளைப் படித்த ஓட்டுநர்கள் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுபோனதில், 'மாலை நாலு மணிக்கு மேல் தொம்மையை அழைக்க வேண்டாம்' என்று சந்தியாகு ஓர் அட்டையில் எழுதிக் கடைமுன் தொங்கவிட்டார், ஊர் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது.

ஞாயிறு மூன்று மணிக்குக் கித்தேரி வந்தாள். போனவர்களில் இன்னும் இருவர் வந்தார்கள், நான்காமவர் வரவில்லை. உலகம்மாளும் தொம்மையும் மாடிப்படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றேகாலாயிற்று, மூன்றரையாயிற்று. இருதயராஜ் வந்தபோது அவன் சட்டைக் கை நனைந்திருந்தது.

"ஒக்காரல. நின்னுக்கிட்டே பாக்கேன்" என்று கதவில் சாய்ந்தான்.

பெனடிக்டா தொடங்கினாள். கரைநகரத்தின் படகுத்துறை. தீவுக்குப் போகும் கடைசிப் படகு பத்து நிமிடத்தில் கிளம்பும்; அதில் ஏற முந்நூறு பேர் காத்திருக்கிறார்கள்; அவர்களைத் தடுக்க அரிவாளோடு நாற்பது அடியாட்கள் வாயிலை நெருங்குகிறார்கள். வடிவின் கை பகடையை எடுத்துவிட்டது. எடுத்த கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது.

"யக்கா, அந்தக் கூட்டத்துல பிச்சம்மா நிக்காளா?"

"நிக்கா. அடியாளுகளுக்கு நேர் முன்னால. எங்கக்கா வராம ஏறமாட்டேன்னு சண்ட போட்டுக்கிட்டு நிக்கா."

வடிவு பகடையை மேசை மேல் வைத்தாள். "அப்ப உலகம்மா அடிக்க மாட்டா."

படிக்கட்டில் எவரோ நீளமாக மூச்சு விட்டது கேட்டது. கித்தேரி ஒருமுறை வடிவையும் ஒருமுறை பகடையையும் பார்த்தாள். பெனடிக்டா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இருதயம், ஒன் ஆளு என்ன செய்யுதான்?"

இருதயராஜ் கதவை விட்டு விலகி நின்றான். நாற்காலியை இழுத்தான், உட்கார்ந்தான், பகடையைக் கையில் எடுத்து அதன் ஆறு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"தொம்மை கேட்டுக்கு முன்னால போறான்" என்றான் மெதுவாக. "அரிவாளோட வாறவங்களப் பாத்து, 'எல்லாரும் கூட்டம் போடாதீங்க, வரிசையா வாங்க, முதல்ல வந்தவருக்குத்தான் முதல்ல'ன்னு சொல்லுதான்."

உருட்டினான். ஆறு.

"வரிசையில நிக்காங்க" என்றாள் பெனடிக்டா. சிரிப்பை அடக்க முடியாமல் குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "ஆனா யாரு முதல்ல வந்ததுன்னு தெரியல."

"நான்தான் முதல்ல வந்தேன்!" என்று அடியாளாகவே மாறிக் கித்தேரி மேசையைத் தட்டினாள். "என் செருப்பப் போட்டு எடம் பிடிச்சுட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்!"

"செருப்புக்கெல்லாம் எடம் கெடையாது, ஆளு நிக்கணும்!" என்று வடிவு பாய்ந்தாள்.

"எனக்குப் பின்னால ரெண்டு பேரு வாறாங்க, அவங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான் நிக்கேன்!" என்று படிக்கட்டிலிருந்து உலகம்மாள் கத்தினாள். சத்தம் கேட்டுக் கீழிருந்து சந்தியாகு ஏறி வந்து, நடப்பதைத் தெரிந்துகொண்டு, தாமும் ஓர் அடியாளாகி, மூன்றாவது தெருக்காரனை எக்காரணத்தை முன்னிட்டும் தமக்கு முன்னால் விடமுடியாது என்று அறிவித்தார்.

மணி ஏழாயிற்று, எவரும் எழவில்லை. படகு முந்நூறு பேரோடும் பிச்சம்மாளோடும் தீவுக்குப் போய் நெடுநேரமாகியிருந்தது. வாயிலில் நாற்பது பேரும் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைச் செருப்பின் உரிமையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். படகு போய்விட்டது என்று அவர்களிடம் சொல்லப் பெனடிக்டாவுக்கு மனம் வரவில்லை.